‘அவசரமில்ல’ என்று சொல்லியனுப்பிய மகனுக்கு

யுகா,

கடிதம் எழுதுகிறவர்கள் முதலில் தாங்கள் நலமாக இருப்பதாக எழுதுவார்கள். நான் அப்படி எழுதினால் உன் அம்மா சிரிப்பாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இரத்த அழுத்த மாத்திரை, முட்டி வலித் தைலம் எல்லாம் வழக்கம்போல. கெட்டுப் போயிருப்பது மனசு. அதற்கு என்ன நோய் என்று கிளினிக்கில் போய்க் கேட்க வேண்டியதில்லை, எனக்கே தெரியும். பொறாமை. பேரப்பிள்ளை தூக்க வேண்டிய வயதில், பக்கத்து மேசைப் பையனின் பென்சில் பெட்டியைப் பார்த்து ஏங்குகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனில் பேசினால் பாதியில் கத்த ஆரம்பித்துவிடுவேன், நீ ‘சரிப்பா’ என்பாய், அதோடு முடிந்துவிடும். அந்தச் ‘சரிப்பா’வைக் கேட்காமல் கடைசி வரைக்கும் பேச எனக்கு இந்த ஒரு வழிதான் இருக்கிறது. செம்பனை எண்ணெய் ஆலை வாசலில், பழம் ஏற்றிய லாரியோடு வரிசையில் நிற்கிறேன். முன்னால் நிற்கும் லாரிகளைப் பார்த்தால் மத்தியானம் வரைக்கும் நேரம் கிடைக்கும் போலிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பெம்பானில் உன் செம்பனைகளில் முதல் குலைகள் சிவந்து நின்றன. நீ புது உளியைக் கம்பில் மாட்டி என் கையில் கொடுத்து, “மொத கொலைய நீங்கதான்பா வெட்டணும்” என்றாய். நான் உளியை உன் கையிலேயே திருப்பித் திணித்து, “உன் மாமனார கூப்ட்டு வெட்டச் சொல்லு. அவரு சொல்லித்தானே நட்ட, அவரே வெட்டட்டும்” என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் உன் குரல் கேட்டது. “சரிப்பா. நீங்க எப்ப வர்றீங்களோ அப்ப வெட்டிக்கலாம்.” அன்றைக்கு நீ ஒரு குலையையும் வெட்டவில்லை. முதல் அறுப்பு முடிந்த மறுவாரம் ஜெசிந்தாவுக்குப் பரிசம் போடுவது என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருக்கிறோம். ஆக, வாயிலிருந்து வந்த ஒரே பேச்சில் நான் உன் அறுப்பையும் நிறுத்தி, கல்யாணத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். நேற்று நீ அனுப்பிய செய்தியைப் பல தடவை படித்துவிட்டேன். ‘பழம் உதிர ஆரம்பிச்சிருச்சுப்பா. அவசரமில்ல.’ பழம் உதிர்கிறதாம், அவசரமில்லையாம்! வேறு யாராவது எழுதியிருந்தால் குத்தலாக எழுதியிருக்கிறான் என்று விட்டுவிடுவேன். நீ உண்மையாகவே காத்திருப்பாய். பழம் முழுக்க உதிர்ந்து எலி தின்றாலும் உளியைத் தூக்கமாட்டாய்.

ஜெசிந்தாவின் அப்பா அந்தோணியை எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுத மாட்டேன். பிடிக்கிறது, அதுதான் எரிச்சல். மஸ்ஜித் தானாவில் ஒரு சின்னத் தையல் கடை. வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் மலாய்க்காரர்கள். ராயா பெருநாளுக்குத் துணி தைக்க எல்லாரும் ஓடி வருகிற நேரத்தில், அவர் நோன்பு தொடங்கும் முன்பே ‘போதும்’ என்று அட்டை தொங்கவிட்டுவிடுவார். எடுத்ததை எல்லாம் சொன்ன நாளில் கொடுப்பார். நானாக இருந்தால் வாசல் வரைக்கும் துணியை வாங்கிப் போட்டுவிட்டு, ராயா அன்று பின்கதவு வழியாக ஓடியிருப்பேன். அப்படிப்பட்ட ஆளை நீ ‘மாமா’ என்று கூப்பிடும்போது உன் குரல் ஒரு பிடி தாழ்ந்து வருகிறது. என்னைக் கூப்பிடும்போது அந்தக் குரல் எங்கே போகிறது? நம் வீட்டில் பாகற்காய் சமைத்த நாளெல்லாம் நீ தனியாக முட்டை பொரித்துச் சாப்பிட்டவன். அவர் வீட்டில் பாகற்காய்ப் பிரட்டலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாயாமே. ஜெசிந்தா சந்தோஷமாக வந்து சொன்னாள். “நல்லதுதானே, ஒடம்புக்கு நல்லது” என்றாள் உன் அம்மா. அன்றைக்கு நான் பசிக்கவில்லை என்று எழுந்துவிட்டேன். பசித்தது.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று நம் சிவப்பு சோபாவுக்குத் தெரியும். உன் அம்மாவைக் கல்யாணம் செய்தபோது எனக்கு வீடு இல்லை, சோபா இருந்தது. தம்பினில் ஒரு நாற்காலிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்தேன், தவணையில் எடுத்துவிட்டேன். உன் பெரியப்பா வீட்டுப் பின்னறையில் குடியிருந்தோம். சோபாவை உள்ளே வைத்ததும் கட்டிலுக்கு இடமில்லை. “அப்ப நாம எங்க படுக்கறது?” என்று உன் அம்மா கேட்டாள். “சொந்த வீடு வர்ற வரைக்கும்தான்லா, கொஞ்சம் பொறுத்துக்க” என்றேன். பொறுமையைப் பற்றி நான் பேசிய ஒரே பேச்சு அதுதான், அதுவும் இன்னொருவரைப் பொறுக்கச் சொன்னது. சொந்த வீட்டில்தான் பிரிக்க வேண்டும் என்று மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை யாரையும் தொட விடவில்லை. தரையில் படுத்துக்கொண்டு சோபாவை அண்ணாந்து பார்ப்போம். நீ நடக்கப் பழகியது அந்தப் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டுதான். கடைசியில் புலாவ் செபாங்கில் இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து, ஊதுபத்தி எல்லாம் ஏற்றிப் பிளாஸ்டிக்கைப் பிரித்தால், உள்ளே கரையான் எங்களுக்கு முன்பே குடிவந்து போயிருந்தது. உன் அம்மா இன்றைக்கும் எனக்குக் கோபம் வந்தால் பதிலுக்குக் கத்த மாட்டாள். “சோபா” என்பாள், அவ்வளவுதான்.

பெம்பான் நிலத்திலும் அதே கதைதான். உன் தாத்தா எஸ்டேட் வேலையை விட்டபோது வாங்கிப் போட்ட இரண்டு ஏக்கர். அதில் நான் வாழை வைத்தேன், தார் தள்ளும் முன்பே அலுத்துப் போய் பப்பாளி வைத்தேன், பப்பாளி பூக்கும் முன்பே யாரோ சொன்னார்கள் என்று காளானுக்குக் கொட்டகை போட்டேன். ஓரத்தில் நின்ற டுரியான் மரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஊரெல்லாம் பழம் தானாக விழட்டும் என்று காத்திருக்க, நான் மூங்கில் கம்பை எடுத்துப்போய் அடித்து வீழ்த்தினேன். உன் அம்மா அதை உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “மரக்கட்டைக்கு முள்ளு மொளைச்சிருக்கு” என்றாள். கடைசியில் நிலம் முழுக்க லாலான் புல் இடுப்பளவு மண்டியது. அதற்கு என்னிடம் ஒரே யோசனைதான் இருந்தது. விற்றுவிட்டுக் கார் எடுக்கலாம்.

பெண் கேட்டு அந்தோணி வீட்டுக்கு நாம் மூன்று பேரும் போனோமே, அந்தச் சாயங்காலத்தை நான் பல தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கோயிலில் தாலி, தேவாலயத்தில் ஆசீர்வாதம் என்று நீங்கள் இருவரும் முன்பே பேசி முடித்துவிட்டதால், சண்டை போட எனக்கு அதில்கூட இடமில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அந்தோணி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “தம்பி, எங்க வேதத்துல ஒன்னு போட்டிருக்கு. மொதல்ல வெளிவேலைய பாரு, வயல சரிபண்ணி வை, வீடு கட்றதெல்லாம் அப்புறம்தான்னு.” நான் முந்திக்கொண்டு, “அதெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் பாத்துக்கலாம்லா” என்றேன். நீ என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. “எங்களுக்கு ஒரு வயல் இருக்கு மாமா” என்றாய். அந்தோணியின் முகம் ஒரு மாதிரி ஆனது. “நெசமாவே வயலா?” என்று கேட்டார். அந்த முகத்துக்கு அர்த்தம் எனக்கு நேற்றுத்தான் புரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மறு ஞாயிறே நீ லாலானை வெட்டப் போனாய். நீ பிறந்ததிலிருந்து நான் பேசிக்கொண்டே இருக்கிறேன் யுகா. தலைக்கு எண்ணெய் வை என்றேன், வைக்கவில்லை. மோட்டாரில் மெதுவாகப் போ என்றேன், போகவில்லை. முடியை வெட்டு என்றேன், வளர்த்தாய். அந்த மனிதர் தே கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு வரி சொன்னார், நீ இரண்டு ஏக்கர் லாலானை வேரோடு தோண்டினாய். மலாக்கா டவுனில் வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, ஓய்வு நாளில் பெம்பான் வெயிலில் நின்றாய். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். ஒரு வரிக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்றால், என்னுடைய இத்தனை வருஷப் பேச்சு எங்கே போய் விழுந்தது?

செம்பனைக் கன்றுகளை நட்ட பிறகாவது சும்மா இருந்தாயா? கன்றுகள் வளர்ந்து முதல் பூ வந்ததும் நான்தான் முதலில் துள்ளினேன். “வந்துருச்சுடா! வந்துருச்சு!” நீ ஒரு கொக்கிக் கம்பியோடு வந்து அந்தப் பூவை நெம்பிப் பிடுங்கிக் கீழே போட்டாய். விவசாய இலாகா வகுப்பில் சொன்னார்களாம், முதலில் வருகிற பூக்களையும் பிஞ்சுகளையும் எடுத்துவிட்டால் மரம் தன் பலத்தைப் பழத்தில் செலவழிக்காமல் வேருக்கும் தண்டுக்கும் கொடுக்குமாம். பெரிய எஸ்டேட்டுகளில் செய்வதுதானாம். “வர்ற பழத்த வேணாங்கறியேடா, ஒனக்கு என்னா கோளாறு?” என்று கத்தினேன். “இப்ப வேணாம்பா, அவ்ளோதான்” என்றாய். மாதா மாதம் நீ பிடுங்குவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. கால்வாய் ஓரத்து வரிசையைக் காட்டி, “இது என்னோட வரிசை. இதுல எவனும் கம்பிய வைக்கக் கூடாது” என்றேன். நீ சொன்னதுதான் உனக்கே தெரியுமே. “சரிப்பா.”

என் வரிசை காய்த்தது. அதை யாரும் மறுக்க முடியாது. உன் மரங்கள் மொட்டையாக நிற்க, என்னுடையவை பழத்தோடு நின்றன. அந்தோணி ஒரு நாள் பார்க்க வந்தபோது, வேண்டுமென்றே அவரைக் கால்வாய் ஓரமாக அழைத்துப் போனேன். “அடேங்கப்பா” என்றார், அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு எலி வந்தது. எலி விட்டதைப் பூஞ்சை பிடித்தது. மிச்சத்தைப் பெருமையாக லாரியில் ஏற்றிப் பழம் வாங்கும் கொட்டகைக்குக் கொண்டுபோனால், அங்கே எடை போடுகிற பையன் என் குலையை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்து, “என்னா அண்ணே, அன்னாசிப்பழம் வாங்க ஆரம்பிச்சிட்டோம்னு யாராச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டான். வாழ்நாள் முழுக்க ஊரார் பழத்தை லாரியில் சுமந்தவன் நான். சொந்தப் பழம் என்று முதல் தடவையாகக் கொண்டுபோனது அன்னாசியாகிவிட்டது. இப்போது பார், உன் மரங்களின் மட்டை என் தலைக்கு மேலே விரிந்து நிற்கிறது. என் வரிசை இன்னும் என் தோளைத் தாண்டவில்லை. நீ ஒரு நாளும் அதைச் சுட்டிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் சண்டை போட்டு ஆற்றியிருப்பேன்.

வாயால் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜெசிந்தாவிடம் அவர்கள் வேதப் புத்தகத்தைத் தமிழில் ஒன்று கேட்டு வாங்கினேன். அந்தப் பிள்ளைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, உறை எல்லாம் போட்டுக் கொடுத்தாள். பாவம், நான் எதற்குக் கேட்டேன் என்று அவளுக்குத் தெரியாது. இவ்வளவு பெரிய புத்தகத்தில் சீக்கிரம் செய், இப்பவே எடு என்று எங்காவது ஒரு வரி இல்லாமலா போகும்? அதைப் பிடித்து அந்தோணி முன்னால் போட வேண்டும். இதே ஆலை வரிசையில், ஸ்டீயரிங் மேல் வைத்துப் படித்தேன். பக்கத்து லாரி முனியாண்டி எட்டிப் பார்த்து, “என்னா பெரியப்பா, மதம் மாறிட்டீங்களா?” என்றான். “இல்லலா, சண்டைக்கு ஆயுதம் தேடறேன்” என்றேன்.

ஆயுதம் கிடைக்கவில்லை. போகிற பக்கமெல்லாம் எனக்கே அடி விழுந்தது. ஒரு இடத்தில் சோம்பேறியை எறும்பைப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறது, வெயில் காலத்திலேயே சேர்த்து வைக்கிறதாம். எறும்பை நான் பார்க்காமலா இருக்கிறேன், என் தேத்தண்ணிக் கிளாஸில் தினமும் பார்க்கிறேன். இன்னொரு இடத்தில், கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க மாட்டானா, அஸ்திவாரம் மட்டும் போட்டு நிறுத்தினால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று கேட்கிறது. நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். காளான் கொட்டகை விஷயம் இவர்களுக்கு எப்படித் தெரியும்? பயிரிடுகிறவன் முன்மழைக்கும் பின்மழைக்கும் பொறுமையாகக் காத்திருக்கிறான் என்று இன்னொரு பக்கம். அதைப் படித்ததும் நீ மழையில் நின்று கன்றுக்கு மண் அணைத்தது ஞாபகம் வந்தது. எரிச்சலோடு அடுத்த பக்கம் திருப்பினேன்.

கடைசியில் ஒன்று மாட்டியது. ஒருவன் ஒரு பெண்ணுக்காக அவள் அப்பாவிடம் ஏழு வருஷம் ஆடு மேய்க்கிறான். ஏழு வருஷம் முடிந்ததும் அந்த மாமனார் மூத்த பெண்ணுக்கு முக்காடு போட்டுக் கட்டிவைத்து ஏமாற்றிவிடுகிறார்! எனக்கு ஆலை வாசலிலேயே ஆட வேண்டும் போலிருந்தது. உடனே உனக்குப் போன் போட்டேன். “பாத்தியா, பாத்தியா! அவங்க புத்தகத்துலயே இருக்குடா. பொறுமையா வேல செஞ்சவன மாமனாரு எப்டி ஏமாத்தினாருன்னு!” நீ சிரித்தாய். “மாமாவுக்கு ஒரே பொண்ணுதான்பா, மாத்திக் குடுக்க வேற ஆளில்ல” என்றாய். பிறகு, “அதுலயே இன்னொன்னு இருக்கு, படிச்சீங்களா? அந்தப் பொண்ணு மேல இருந்த பிரியத்துல அந்த ஏழு வருஷமும் அவனுக்கு ஏதோ கொஞ்ச நாளு மாதிரிதான் இருந்துச்சாம்” என்றாய். நான் படித்திருந்தேன். அந்த இடத்தை வேகமாகத் தாண்டி வந்திருந்தேன். போனை வைத்த பிறகு திரும்ப எடுத்துப் படித்தேன். உன் அம்மாவை நான் சோபாவுக்கு அடியில் படுக்கவைத்த நாள்கள் அவளுக்கு எத்தனை நீளமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். உன் ‘அவசரமில்ல’ செய்தி வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அலோர் காஜா பக்கம் ஒரு நடை இருந்தது, அதை இறக்கிவிட்டு நேராக மஸ்ஜித் தானாவுக்கு விட்டேன். சண்டை போடத்தான் போனேன், மறைக்க மாட்டேன். தையல் கடைக்கு முன்னால் லாரியை நிறுத்த இடமில்லாமல் பள்ளிவாசல் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து போனதில் பாதிக் கோபம் வியர்வையாகிவிட்டது. அந்தோணி கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்தார். “வாங்கண்ணே, ஒக்காருங்க” என்றார். நான் உட்காரவில்லை. “அந்தோணி, நானும் பெத்த அப்பன்தான். என் பேச்சுக்கு அவன் ஒரு புல்ல புடுங்கினதில்ல. நீங்க ஒரு வரி சொன்னீங்க, ரெண்டு ஏக்கர புடுங்கிட்டான். நீங்களே அவன வச்சுக்குங்க. மொத கொலைய நீங்களே வெட்டுங்க. நான் குறுக்க நிக்கல” என்றேன்.

அவர் துணியில் கோடு போடும் சோக்கட்டியைக் கையில் உருட்டினார். பிறகு, “அண்ணே, ஒன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க. அந்த வசனத்த நான் தம்பிக்காகச் சொல்லல, எனக்காகச் சொன்னேன்” என்றார். எனக்குப் புரியவில்லை. “எனக்கு ஒரே பொண்ணு. அவ அம்மா போனதுக்கப்புறம் இந்தக் கடையும் அவளும்தான். நீங்க மூனு பேரும் பொண்ணு கேட்டு வந்து ஒக்காந்தீங்க. பையன் மேல ஒரு குறை சொல்ல முடியல. இல்லன்னு சொல்ல வாய் வரல, சரின்னு சொல்ல மனசு வரல. வேதத்துல இப்படி ஒன்னு ஞாபகம் வந்துச்சு, எடுத்துத் தூக்கிப் போட்டேன். நல்ல வேலைல நெலச்சு நில்லுன்னு ஒரு பேச்சுக்கு. பையன் சலிச்சிப் போயி ஓடிருவான்னு நெனச்சேன். பாவி மகன் நெசமாவே ஒரு வயல வச்சிருந்தான்!” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்ப ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் எம் பொண்ணு எங்கூட சாப்புட ஒக்கார்றதில்லண்ணே. பூட்ஸ மாட்டிகிட்டு பெம்பானுக்குப் போயிர்றா. நான் சொன்ன வசனம் என்னையே வந்து அடிச்சிருச்சு.”

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் தே வாங்கிவரச் சொன்னார். கொஞ்சம் ஆறியதும் அவரே ஆரம்பித்தார். “நீங்க என்னப் பாத்து பொறாமப்படறீங்க. நான் யாரப் பாத்து படறது? உங்க மகன் எங்க வீட்டுக்கு வந்தா யாரப் பத்திப் பேசறான் தெரியுமா? எங்கப்பா அப்டி, எங்கப்பா இப்டி. காது புளிச்சிப் போச்சு.” நான் நம்பவில்லை. “என்னா பேசறான், அன்னாசிப்பழக் கதையா?” என்றேன். “அதுவும்தான்” என்றார். “ஆனா ஒருநா கேட்டேன், இவ்ளோ பொறுமை எங்க கத்துகிட்ட தம்பின்னு. எங்க வேதத்துலதான்னு சொல்வான்னு பாத்தேன். எங்கப்பாகிட்டன்னு சொன்னான்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாரு, நானா? ஆள மாத்திச் சொல்லிருப்பான்லா.” அந்தோணி சிரிக்கவில்லை. “லாரியில ஏறதுக்கு முன்னால நீங்க ஒவ்வொரு டயரா கட்டையால தட்டி, காத்து இருக்கான்னு சத்தத்த கேட்டுட்டுத்தான் ஏறுவீங்களாம். எவ்ளோ அவசரமா இருந்தாலும், மழ கொட்டினாலும். பின்னால பழத்து மேல மூடற வலைய ரெண்டு தடவ இழுத்துப் பாப்பீங்களாம். பள்ளி லீவுல உங்ககூட வர்றப்ப பாத்திருக்கான். எங்கப்பா வீட்லதான் அவசரக்காரரு, பழம் ஏத்திட்டாருன்னா அவசரப்பட்டதில்லன்னு சொன்னான்” என்றார்.

நான் லாரிக்குத் திரும்பி வந்தேன். பள்ளிவாசல் சுவர் ஓரமாகக் கட்டையை எடுத்து ஒவ்வொரு டயராகத் தட்டினேன். தட்டும்போதுதான் தட்டுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. இதைப் பொறுமை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை யுகா. டயர் வெடித்தால் பழம் ரோட்டில் போகும், அவ்வளவுதான். நீ அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்றுகூட எனக்குத் தெரியாது. என் பேச்சில் ஒன்றையும் நீ எடுத்துக்கொள்ளவில்லை என்று இத்தனை வருஷம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். என் பேச்சில் எடுக்க ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

இதைக் கேட்டதும் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. இடம் மாறியிருக்கிறது. அந்தோணி மேல் இனிமேல் பொறாமைப்பட முடியாது, அந்த மனிதர் என்னைவிட மோசமான நிலையில் இருக்கிறார். இப்போது உன் மேல்தான். சிவந்த குலைக்கு முன்னால் உளியோடு நின்று வெட்டாமல் திரும்பிப் போக ஒருவனால் முடிகிறதே, அதன்மேல் பொறாமை. என் உடம்பில் ஒரு நாளும் ஊறாத ஒன்று உன் உடம்பில் சும்மா இருக்கிறதே, அதன்மேல். அந்த மரங்கள்மேல்கூட. மூன்று வருஷத்துக்கும் மேலாக உன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அவை வாங்கிக்கொண்டன. எனக்கு அதில் ஒன்று கிடைத்திருந்தால் உன்னைக் கூட்டிக்கொண்டு தம்பினில் ரோட்டி சானாய் சாப்பிடப் போயிருப்பேன்.

ஆனால் அப்பன் என்று ஒருவன் இருந்தால் ஒரு புத்திமதியாவது சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதை நீ என்னிடமிருந்து கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும், ஏனென்றால் பழம் சுமப்பதில் நான்தான் மூத்தவன். காய்க்குலையை ஆலையில் வேண்டாமென்று தள்ளிவிடுவார்கள், எண்ணெய் இருக்காது. அது என் குணம். ஆனால் முற்றிப் போய் உதிர்ந்த குலையையும் முகம் சுளித்துத்தான் வாங்குவார்கள், எண்ணெய் புளித்துவிடும். அது உன் குணமாகிவிடக் கூடாது. ஆயத்தம் செய்யத் தெரிந்தவனுக்கு ஒரு வியாதி வரும். இன்னும் கொஞ்சம், இன்னும் ஒன்று என்று ஆயத்தத்திலேயே நின்றுவிடுவான். அப்பா வரட்டும், வீட்டில் ஓர் அறை கட்டி முடியட்டும், வேலையில் சம்பளம் ஏறட்டும், அம்மாவின் முட்டி சரியாகட்டும் என்று ஒவ்வொன்றாக வரும். அந்தோணி வீட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது, கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன், நடுவதற்கென்று ஒரு காலம் வருகிறமாதிரி, நட்டதை எடுக்கவும் ஒரு காலம் வரும் என்று. அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறேன், ஜெசிந்தாவிடம் சொல்லிவிடாதே, புத்தகத்தை மடித்தால் அவளுக்குப் பிடிக்காது. எனக்காகக் காத்திருந்தாய், அது எனக்கு எவ்வளவு பெரிது என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் ஜெசிந்தாவை இனி எதற்காகவும் காத்திருக்க வைக்காதே, எனக்காகக்கூட. அவளும் உன்னோடு சேர்ந்துதான் லாலான் பிடுங்கினாள். அவளுக்கு ஏழு வருஷம் கொஞ்ச நாள் மாதிரி இருக்குமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்து எதை வாங்கினாலும், வாங்கிய அன்றே பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட்டு அவளை உட்காரச் சொல்.

முன்னால் லாரி நகர்கிறது, முடிக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெம்பானுக்கு வருகிறேன். அந்தோணியையும் மஸ்ஜித் தானாவில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். அவர் பூசைக்குச் சனிக்கிழமை மாலையே போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் குலையை நான் வெட்டுகிறேன், அவர் தூக்கட்டும், நல்ல சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா பரிசத் தட்டுக்குச் சாமான் வாங்கக் கிளம்பிவிட்டாள். கால்வாய் ஓரத்து என் வரிசையைத் தொட வேண்டாம். அது எப்போது ஆகிறதோ அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீ ஏழு மணிக்கு வா என்பாய். நான் ஆறு மணிக்கே கேட்டுக்கு முன்னால் நிற்பேன், அது உனக்குத் தெரியும், அதை மாற்ற இந்த வயதில் வேதத்தாலும் முடியாது. ஆனால் உளியைத் தொட மாட்டேன். நீ வரும் வரைக்கும் டயரைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

அப்பா